74,000 ரூபாய் எஸ்டிமேட்டில் ரேடியேட்டர் எங்கே?

கேள்வி:

ஐயா, உச்சிப்புளிக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 41, தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் சவுதியில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். மாமனாருக்கு வாரம் இரண்டு முறை ராமநாதபுரத்தில் டயாலிசிஸ். அழைத்துப் போய் வருவது நான்தான்.

போன வாரம் உறவினர்களோடு தனுஷ்கோடி போய்த் திரும்பும்போது, தங்கச்சிமடம் அருகே ஹீட் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஓட்டியது என் கொழுந்தன். நிறுத்தி, ஒரு கேன் தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பினோம். பாம்பன் பாலத்தில் போகும்போது முள் சட்டென்று கீழே இறங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். மண்டபம் தாண்டுவதற்குள் வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனோம். ‘ஃபுல் எஞ்சின் வேலை, 74,000 ஆகும், 30,000 அட்வான்ஸ் கட்டுங்கள்’ என்கிறார்கள்.

கணவர் ‘வந்த விலைக்குத் தள்ளிவிடு’ என்கிறார். தெரிந்த ஒருவர் மூன்று ரூபாய் வட்டிக்குப் பணம் தருவதாகச் சொல்கிறார். வீட்டில் எல்லோரும், ‘நீ வண்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்கிறார்கள். இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. நானும் வீட்டு போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது என்ன செய்வது? எஸ்டிமேட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

சகோதரி, அந்த 30,000 ரூபாய் அட்வான்ஸை இன்றைக்குக் கட்ட வேண்டாம். வண்டியைத் தள்ளிவிடவும் வேண்டாம். இந்த இரண்டில் எதை முடிவு செய்வதற்கும் தேவையான தகவல் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. எஞ்சின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியை, கழற்றிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. கழற்றாமல், அளந்து பார்க்காமல், ‘ஃபுல் எஞ்சின் வேலை’ என்று எந்த மெக்கானிக்காலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவத்தில் ஊகிக்கலாம். ஊகத்துக்கு நீங்கள் 30,000 கட்ட வேண்டியதில்லை.

அதற்காக வண்டியை வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைக்கவும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் உள்ளே துரு பிடிக்கும். இப்போது இல்லாத செலவு அப்போது புதிதாக வரும். இரண்டு மூன்று நாளில் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, ஹெட், கேஸ்கெட் கிட், வாட்டர் பம்ப், ஆயில், லேபர் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில் ‘ஜிஎஸ்டி தனி’ என்று இருக்கிறது. உதிரி பாகத்துக்கும் லேபருக்கும் இப்போது 18 சதவீதம். ஆக, 74,000 என்பது பில்லாக வரும்போது 87,320. இதை யாராவது உங்களுக்கு வாய்விட்டுச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறு ஒன்று. அந்த வரிசையில் ரேடியேட்டர் இல்லை. ரேடியேட்டர் ஃபேன் இல்லை. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இல்லை. ஒரு ரப்பர் ஹோஸ் பைப்கூட இல்லை. இரண்டு மாதமாகத் தண்ணீர் குறைந்த வண்டி இது. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்ற கேள்விக்கு இந்தத் தாளில் பதிலே இல்லை. 87,000 செலவழித்து எஞ்சினைப் புதுசாக்கி, அதே பழைய ரேடியேட்டரோடு வண்டியைத் திருப்பித் தந்தால், அடுத்த கோடையில் இதே ரோட்டில் இதே முள் மறுபடியும் ஏறும். அப்போது புது பிஸ்டனும் புது ரிங்கும் சேர்ந்து போகும். அதனால்தான் சொல்கிறேன்: வண்டி எதனால் கெட்டது என்பது தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச்சு.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ஓடுகிற எஞ்சினைச் சுற்றி வந்து அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சாதாரணமாக 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே ஒரு அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது; அந்த அழுத்தமும் கூலன்டும் சேர்ந்துதான் 100 டிகிரி தாண்டினாலும் அது கொதிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. எங்கேயோ ஊசித்துளை அளவுக்குக் கசிவு வந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் குறையும், மிச்சம் கொதிக்கும். ஹெட் அலுமினியத்தில் வார்த்தது. அளவுக்கு மீறிச் சூடானால் நெளிந்துவிடும். ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் அந்த இடத்தில் எரிந்துபோகும். பிறகு தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் வழி கண்டுபிடித்துவிடும். வண்டி இழுக்காமல் திணறியது அதனால்தான்.

பாலத்தில் முள் இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சூட்டை அளக்கும் சென்சார் கூலன்டுக்குள் முங்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் மொத்தமும் வடிந்துவிட்டால் சென்சாரைச் சுற்றி ஒன்றுமே இருக்காது. அப்போது முள் கீழே விழுந்துவிடும். எஞ்சின் குளிர்ந்ததாக நினைப்போம். உண்மையில் அந்த நேரத்தில்தான் எஞ்சின் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெந்துகொண்டிருக்கும். சிவப்பில் இருந்த முள் ஓட்டத்திலேயே சட்டென்று விழுந்தால் அது நல்ல சேதி கிடையாது. உடனே ஓரம் கட்ட வேண்டிய நேரம் அது.

நம் கடற்கரையில் ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் எதிரி இருக்கிறது. வெளியே உப்புக்காற்று, உள்ளே உப்புத்தண்ணீர். மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டிப் பக்கத்து வண்டிகளில் ரேடியேட்டரைக் கழற்றி மேசையில் படுக்க வைத்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேல் பாதியில் அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும். கீழ்ப் பாதியில் விரலை லேசாகத் தேய்த்தால் போதும், வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கையோடு வரும். ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மணலும் உப்பும் சேர்ந்து ஈரம் காயாமலே கிடக்கும். தகடு உதிர்ந்த இடத்தில் சூடு வெளியேற வழியில்லை. அப்புறம் அங்கேதான் குழாயும் அரித்து ஓட்டை விழும். ஃபேனுக்குக் கரன்ட் போகும் சாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சை இருந்தால் ஃபேன் ஒரு நாள் சுற்றும், ஒரு நாள் சுற்றாது. 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு, கடைசி முனை வரை சொந்த வண்டியிலேயே போகிறோம். இரண்டு பக்கமும் கடல். காற்று பலமாக இருக்கும் நாளில் அலைத் திவலை பானட்டு மேலேயே விழுகிறது. ஊர் திரும்பிய பிறகு அதை நல்ல தண்ணீரில் கழுவுகிறவர்கள் குறைவு.

உள்ளே ஊற்றிய போர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் டீ போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். அவசரத்துக்கு ஊற்றலாம், நடுரோட்டில் நிற்கும்போது கிடைக்கிற தண்ணீர்தான் தண்ணீர். ஆனால் வீடு வந்ததும் அதை வடித்து, அலசி, கம்பெனி சொன்ன கூலன்ட் நிரப்ப வேண்டும். கூலன்டில் துரு பிடிக்காமல் காக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் அது கிடையாது.

சரி, ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என்ன கேட்பது?

ஹெட்டைத் தொடும் முன்பே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்து பார்க்க யாரையும் விடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். தங்கு தடையில்லாமல் சுற்றினால் பிஸ்டன் இறுகிப் பிடிக்கவில்லை என்று பாதி நிம்மதி. கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவை கறுப்பேறியிருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தால், அந்த சிலிண்டரில்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் போட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்த அளவையும் எழுதி வாங்குங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டில் மட்டும் அளவு குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று பொருள். இது சின்னப் பிரச்சினையின் பக்கம் சாய்கிற அறிகுறி, நல்லது.

பிறகு ஹெட்டைக் கழற்றட்டும். கழற்றும்போது நீங்கள் நேரில் இருங்கள். பள்ளிக்கூடம் விட முடியாவிட்டால் கொழுந்தனை அனுப்புங்கள். ஹெட்டின் அடிப்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, அதன் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து, சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். நீளவாக்கில், குறுக்கே, அப்புறம் மூலைக்கு மூலை. நிறைய எஞ்சின்களுக்குக் கம்பெனி அனுமதிக்கிற நெளிவு 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், ஒரு தலைமுடி கனம்கூடத் தேறாது. அதற்கு மேல் போனால் லேத்தில் கொடுத்து, பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேஸிங் போட வேண்டும். எவ்வளவு வரை ஃபேஸிங் போடலாம் என்பதற்கும் எல்லை உண்டு. சில எஞ்சின்களின் ஹெட்டை ஃபேஸிங்கே போடக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது. உங்கள் மாடலுக்கு அந்த எல்லை என்ன என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் போட வேண்டும். இதற்கெல்லாம் மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றால் இரண்டு நாள் கூடுதலாகும், பரவாயில்லை.

பிளாக்கின் மேல்பரப்பையும் அதே போல அளக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி, சிலிண்டர் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். நெடுக்காகக் கோடு கிழித்திருந்தால், நகத்தை வைத்துத் தேய்க்கும்போது நகம் அதில் தட்டினால், அப்போதுதான் பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர் என்று ஃபுல் எஞ்சின் வேலைக்கு நியாயம் இருக்கிறது. சுவர் வழவழப்பாக இருந்தால் ஹெட் வேலையோடு முடித்துக்கொள்ளலாம்.

இந்தக் கழற்றிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் லேபர் எவ்வளவு என்று தனியாகப் பேசி, அதற்கு மட்டும் பணம் கொடுங்கள். ‘பார்த்த பிறகு வேண்டாம் என்றால் அந்த லேபரோடு வண்டியை எடுத்துக்கொள்வேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல ஒர்க்‌ஷாப்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். அளந்து பார்த்த பிறகு எஸ்டிமேட்டைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்: ஒவ்வொரு பாகமும் ஒரிஜினலா, லோக்கலா, பார்ட் நம்பர் என்ன, லேபர் எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்று. அதில் புது ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், ஃபேன் மோட்டார் சோதனை, கூலன்ட் எல்லாம் இருக்க வேண்டும். ஹெட் போல்ட்டை மாற்ற வேண்டிய மாடல் என்றால் போல்ட்டும். வாட்டர் பம்ப்பைப் போட்டிருக்கிறார்கள், அது சரிதான். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுத வையுங்கள். எழுதியதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் உங்களைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

பிஸ்டன் பக்கம் சேதம் இல்லை என்று தெரிந்தால், ரேடியேட்டரும் மற்றவையும் சேர்த்துக்கூட 74,000-த்தில் பாதிக்குள் முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. சேதம் இருந்தால் ஃபுல் எஞ்சின் வேலைதான். அப்போது அவர்கள் சொன்ன தொகை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் யாராவது, ‘பழைய எஞ்சின் ஒன்று இருக்கிறது, தூக்கி மாட்டிவிடலாம், செலவு கம்மி’ என்பார்கள். எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குத் தாள் இல்லாமல் அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள்.

பணத்தைப் போடுவதற்கு முன்னால் வண்டியை லிஃப்ட்டில் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். ஃப்ளோர், இரண்டு பக்கத்து சேஸிஸ் மெம்பர், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். பொத்தென்று கேட்டாலோ, துரு செதில் செதிலாக விழுந்தாலோ, அந்த வண்டிக்கு எஞ்சின் செலவு செய்வதில் பிரயோஜனம் இல்லை. அப்படியானால் உங்கள் கணவர் சொல்வதே சரி.

அடிப்பக்கம் நன்றாக இருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். இதே வருடம், இதே மாடல், நன்றாக ஓடுகிற வண்டி இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று ராமநாதபுரத்திலும் மதுரையிலும் விசாரியுங்கள். நின்ற நிலையில் உங்கள் வண்டியை என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஓடுகிற வண்டி 2,00,000, நின்ற வண்டி 80,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,20,000. ரிப்பேர் 40,000 என்றால் யோசிக்கவே வேண்டாம், ரிப்பேர் செய்யுங்கள். பிறகு விற்பதானாலும் ஓட்டிக் காட்டி விற்கலாம். ரிப்பேர் 87,000 என்றாலும் கணக்கு உங்கள் பக்கம்தான், ஆனால் இழுபறி. அப்போது மற்றதையும் பார்க்க வேண்டும்: டயர், கிளட்ச், பிரேக் எந்த நிலையில் இருக்கின்றன, இன்னும் எத்தனை வருடம் ஓட்டப் போகிறீர்கள். 2014-இல் பதிந்த சொந்த உபயோக வண்டி என்றால் 15 வருடப் பதிவு 2029 வரை இருக்கிறது. அதற்குப் பிறகு எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாதாரண முழு கார் பாலிசி விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்குத்தான். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அதில் சேராது. பாலிசித் தாளில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அடுத்த முறை வண்டியை இழுத்துப் போகும் செலவாவது மிஞ்சும்.

மூன்று ரூபாய் வட்டியைத் தொடாதீர்கள். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 74,000-க்கு மாதம் 2,220 ரூபாய் வட்டி மட்டும் போகும். அசல் அப்படியே நிற்கும். வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து எடுங்கள். வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான் வரும். மூன்று ரூபாய் வட்டிக்குத் தருவதாகச் சொன்னவரிடம் பேசி வைத்திருந்தால், ‘இன்னும் எஸ்டிமேட் முடிவாகவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட. ஒர்க்‌ஷாப்பிலும் ஒரே தவணையில் கட்ட வேண்டும் என்பதில்லை. பாகங்கள் வாங்கும்போது அந்தத் தொகை, வண்டியை எடுக்கும்போது லேபர் என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அதுவரை மாமனாரின் டயாலிசிஸ் ஒரு முறைகூடத் தவறக் கூடாது. பஸ், ரயில் இரண்டும் இருக்கிற ஊர்தான் உங்களுடையது. ஆனால் டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வருகிறவரைப் பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டி வர முடியாது. ஊரிலேயே கார் வைத்திருக்கும் டிரைவர் ஒருவரிடம், இந்த இரண்டு நாளும் போக, காத்திருக்க, வர என்று மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தனித்தனியாக வாடகைக்கு எடுப்பதைவிடக் குறையும். ரிப்பேர் ஒரு வாரம் தள்ளிப்போனால் எவ்வளவு செலவு என்பதும் இதிலிருந்தே தெரியும். ஒர்க்‌ஷாப்பில் தேதி பேசும்போது அது உதவும்.

வீட்டில் உங்களைச் சொல்கிறார்களே, அதைப் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. வாரம் இரண்டு முறை வயதானவரை ஏற்றிக்கொண்டு போய் வந்து, பள்ளிக்கூட வேலையும் பார்த்து, வாரா வாரம் பானட்டைத் திறந்து தண்ணீர் பார்த்தவர் நீங்கள். தண்ணீர் குறைகிறது என்பதை அந்த வீட்டில் கவனித்த ஒரே ஆள் நீங்கள்தான். குறையக் குறைய ஊற்றியதோடு நிற்காமல், ஏன் குறைகிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்க வேண்டும், அது உண்மை. மூடியிருக்கும் அமைப்பில் தண்ணீர் வாரா வாரம் குறையவே கூடாது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆயிலை மாற்றும்போது பார்த்திருக்க வேண்டிய மெக்கானிக்கும் சொல்லவில்லை. கொழுந்தன் மேலும் பழி போட வேண்டாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, இருட்டுவதற்குள் பாலம் தாண்டி வீடு சேர வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். இந்தப் பகுதியை வேண்டுமானால் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

பாம்பன் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீவுக்குப் போய் வருகிற எல்லோருக்கும் இது பொருந்தும். 1988-இல் திறந்த அந்த ரோட்டுப் பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். போக ஒரு வழி, வர ஒரு வழி, ஓரம் கட்ட இடமில்லை. முள் பாதிக்கு மேல் ஏறத் தொடங்கினால் பாலத்தில் ஏறாதீர்கள். இந்தப் பக்கம் பாம்பனிலோ அந்தப் பக்கம் மண்டபத்திலோ நிறுத்திவிடுங்கள். ஏறிய பிறகு முள் உயர்ந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வியர்த்துக் கொட்டும், தாங்கிக்கொள்ளுங்கள். அக்கரை வரை போக அது உதவலாம். சிவப்பைத் தொட்டுவிட்டால் அங்கேயே இடது ஓரம் ஒட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டியதுதான். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள், எல்லோரையும் வண்டியிலிருந்து இறக்கிப் பாலத்தின் நடைபாதையில் நிறுத்துங்கள், 112-க்குச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான 1033 எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள். எஞ்சின் அணைந்த வண்டியை இழுக்கும்போது ஸ்டீயரிங் கனமாகும், பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்ற எஞ்சினில் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீச்சி அடிக்கும். வெந்துபோன கைகளையும் முகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். குறைந்தது அரை மணி நேரம், கை வைத்தால் சூடு பொறுக்கிற வரை காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழவும் கூடும். ஆறிய பிறகு ஊற்றியும் மறுபடி குறைந்தால், ஓட்டுவதை அதோடு விட்டுவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், ஹெட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வண்டி திரும்பி வந்த பிறகு, மாதம் ஒரு முறையும் தனுஷ்கோடி போய் வந்த மறுநாளும் முன் கிரில் வழியாக ரேடியேட்டரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். குடம் கணக்கில் குடிதண்ணீருக்குக் காசு கொடுக்கும் ஊர் நம்முடையது, தெரியும். முழு வண்டியையும் கழுவ வேண்டாம். ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றினால்கூட அந்த இடத்து உப்பு இறங்கும். போர் தண்ணீரில் அலசினால் உப்பின் மேல் உப்பு. வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீச்ச விடாதீர்கள், தகடு மடங்கிவிடும். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ரிசர்வ் டேங்கின் கோட்டைப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்றுங்கள். இரண்டாவது முறையும் இறங்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வேலை முடிந்து வந்த வண்டி ஒரு மாதத்துக்குள் அதே கோளாறைக் காட்டினால், ஜிஎஸ்டி பில் கையில் இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பேசிப் பாருங்கள். சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பில் இல்லாமல் ‘ஐயாயிரம் குறைத்துத் தருகிறேன்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஹெட்டை அளந்ததும் அந்த எண்களையும், சிலிண்டர் சுவரின் போட்டோவையும், புதிதாக எழுதித் தரும் எஸ்டிமேட்டையும் எனக்கு அனுப்புங்கள். கழற்றிய ரேடியேட்டரின் கீழ்ப் பாதியையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு, எந்த வரி தேவை, எந்த வரி வேண்டாம் என்று எழுதுகிறேன். அதன் பிறகு அட்வான்ஸ் கட்டலாம்.